கவர் கட்டிய அலாரம்

— அப்போ மெசினே பொய் சொல்லுதுங்கறயா தரணி?

— ஆமாங்கப்பா. ரன்வே கண்ணுக்கு நேராத் தெரியும், இறங்கிட்டே இருப்போம். திடீர்னு ‘மலை, மேல ஏறு’ன்னு காக்பிட்டே அதிர்ற மாதிரி கத்தும்.

— மலை இருக்காதா?

— ஒரு கரடு கூட இருக்காதுங்க. சண்டை நடக்கற நாட்டுப் பக்கம் எவனோ பொய் சிக்னல் உடறான். பிளேன் வேற எங்கியோ பறக்குதுன்னு மெசின் நம்பிக்குது.

— போன்ல வழி பார்த்து அவினாசிக்குப் பதிலா பல்லடம் போனமே, அந்த மாதிரி!

— சிரிக்காதீங்கப்பா...

— சரி, சரி. நம்ம பனியன் கம்பெனி ஸ்மோக் அலாரமும் அப்படித்தான். பஞ்சு பறந்தாப் போதும், தீப்புடிச்சாப்ல கத்தும்.

— இப்பவும் கத்துதுங்களா?

— அதை உடு கண்ணு.

— கம்பெனியில வேலை செய்யற பாண்டியம்மாக்கா கை ஆறிருச்சுங்களா? அயர்ன் பாக்ஸ் பட்டதுன்னீங்களே...

— ஆறுது, ஆறுது. நீ ஏன் லீவுல வந்ததுல இருந்து ஒரு வாய் சரியாத் திங்க மாட்டீங்கற?

— லீவு இல்லீங்கப்பா. நாளைக்கு மெட்ராஸ்ல எனக்கு விசாரணை.

— என்ன... என்ன விசாரணை?

— போன மாசம் ஒரு நாள்... மழை, மேகம். அதே சத்தம். ‘பழைய பொய்தான், பட்டனை அமுத்தி நிறுத்து’ன்னாரு கேப்டன்.

— நீ அமுத்துனியா?

— அமுத்தீட்டேங்கப்பா. அதுக்கு முன்னால ஒம்பது தடவை பொய்யி. கொஞ்ச நேரத்துல டவர்ல இருந்து ரேடியோவுல கத்தறாங்க, ரொம்பத் தாழ வர்றீங்க, ஏறுங்கன்னு. ஏறீட்டோம்.

— அப்போ அன்னைக்கு...

— அன்னைக்கு அது பொய் சொல்லலீங்கப்பா. உள்ள நூத்தி எழுவது பேரு.

— சாமி...!

— தரை தெரிஞ்சுதுன்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லீரலாங்கறாரு கேப்டன். தரை தெரிஞ்சா அமுத்தலாம், தப்பில்லை.

— தெரிஞ்சுதா?

— மேகந்தான் தெரிஞ்சுது.

— அவர் சொல்றாப்லயே சொல்லீரு கண்ணு. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே! பைலட் ஆகோணும்னு எத்தனை வருசம் அலைஞ்சே...

— நடந்ததைச் சொல்லாட்டி, அடுத்த பைலட்டும் அமுத்துவாங்கப்பா. அவங்களுக்கு டவர்ல ஆளு பார்த்துட்டு இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?

— பாண்டியம்மாகிட்ட... அயர்ன் பாக்ஸ் பட்டதுன்னு சொல்லுன்னு நாந்தான் சொன்னேன்.

— அப்போ?

— வேஸ்ட் துணி மூட்டையில தீ. அந்தப் புள்ள வெறுங்கையில இழுத்துப் போட்டு அணைச்சுது... அலாரம் கத்தவே இல்லை கண்ணு. சும்மா சும்மா கத்துதேன்னு அதுமேல பாலிதீன் கவரைப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டுனது உங்கப்பன்தான். நீ போயி நடந்ததைச் சொல்லு... நானும் கம்பெனியில சொல்றேன்.