பஸ்ஸில் ஒரு நரி வால்

மரக்காணம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உப்பள வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற இளைஞனின் தலையில் துணியில் தைத்த நரிக் காது. பேன்ட்டின் பின்னால் முழங்கால்வரை செம்பட்டை வால்.

"வேண்டுதலாப்பா?" என்று ஜன்னலோரப் பெண் கேட்டாள்.

"இல்லைங்க. எனக்கு நரின்னா உசுரு. இப்படிப் போட்டுக்கிறவங்க உலகத்துல நெறைய பேரு இருக்காங்க, பிரவுசிங் சென்டர்ல பார்த்தேன். நான் வெளிய போட்டுக்கிட்டு வர்றது இன்னிக்குத்தான்."

"சீட்டு காலியா இருக்குதே, உக்காரலாம் இல்ல?"

"வால் நசுங்கிடுங்க."

கூட்டம் ஏறியதும் அவன் முன்பக்கம் நகர்ந்து போனான்.

"சாமிக்கு வேஷம் கட்டினாக்கூட நமக்கு மோளம் வேணும், கூட நாலு பேரு வேணும்" என்றாள் ஜன்னலோரப் பெண். "இந்தப் புள்ள ஒத்தையா நிக்குது பாரு."

"எல்லாரும் சிரிக்கிறாங்களே" என்றாள் மற்றவள்.

"அதுக்கும் தெரியுது. ஆனா காதக் கழட்டல."

உப்பள ஸ்டாப் நெருங்கும்போது ஜன்னலோரப் பெண் சோற்றுப் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"என்னத்தத் தேடுற?"

"கூலிங் கிளாஸு. உப்பு வெளிச்சத்துல கண்ணு எரியுதுன்னு பொண்ணு வாங்கிக் குடுத்துது. மேஸ்திரி சிரிப்பாருன்னு மூணு மாசமா பையிலயே கெடக்குது."

அதை மாட்டிக்கொண்டு எழுந்தாள். மற்றவள் அவள் முகத்தையே பார்த்தபடி பின்னால் இறங்கினாள்.

"உன் பொண்ணு ரெண்டா வாங்கியிருக்கலாம்" என்றாள்.