பீடத்துக்குப் பின்பக்கம்

மோதிரத்தாலை கதவைத் தட்டாதையுங்கோ, லூசியன் அண்ணை. பிள்ளை இப்பதான் கண் அயர்ந்தவள். ஓம், மெல்லத்தான் தட்டினீங்கள். ஒருக்கா, பேந்து கொஞ்சம் விட்டு ரெண்டுதரம், காது குடுத்துக் கேக்கிற மாதிரி. இந்த வெளிநாட்டுக்கு வந்து, லா சப்பலிலை தலைக்கு மேலை ஓடுற மெத்ரோ றெயில் சத்தத்துக்கே பழகிட்டன். இருட்டினாப் பிறகு இந்தச் சத்தம் கேட்டால் இப்பவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒளிக்க இடம் தேடுறன்.

சங்கிலியைக் கழட்டேலாது. இவர் ரெஸ்ரோறண்டிலை வேலை, வர நேரம் செல்லும். இந்த இடுக்காலையே கதைப்பம்.

ஊர்ச் சங்க மலருக்குக் கோயில்ரை வரலாறு கேட்டனீங்கள். எழுதினனான். இவளைப் படுக்கப்போட்டிட்டு, குசினி மேசையிலை. கொன்வென்றிலை படிச்ச பிள்ளை, வடிவா எழுதுவாள் எண்டு எல்லாருக்கும் சொன்னீங்களாம். தலைவர் சொன்னால் சரிதானே.

கேளுங்கோ. கோவாவிலையிருந்து வந்த கத்தோலிக்கச் சாமியார் ஒருத்தர் கட்டினது. பவளக்கல்லும் சுண்ணாம்பும். முகப்பிலை ரெண்டு பக்கமும் பெரிய சுருள், நடுவிலை மணி. றோட்டிலை நிண்டு பார்த்தால் அரண்மனை. உள்ளுக்குப் போனால் கொஞ்சச் சனத்தோடையே மூச்சு முட்டும். இதுக்குப் பேர் பரோக் எண்டு சிஸ்டர் சொல்லித் தந்தவ. கண்ணை மயக்கிறதுதான் அதின்ரை வேலையாம். முறுக்கின தூண், அதிலை முந்திரிகைக் கொடி, கன்னம் ஊதின, செட்டை வைச்ச சம்மனசுகள், எல்லாத்துக்கும் தங்கப் பூச்சு.

அதை இடிச்சுப்போட்டு, குளியலறைக்குப் போடுற றோஸ் மாபிளிலை நீங்கள் புதுக்கோயில் கட்டப்போறீங்களாம்! சங்கம் அனுப்பின படத்தைப் பார்த்தோடனை மடிச்சு வைச்சிட்டன். வாசல்லை உங்கடை பேர் வெட்டின கல்லு வேறை. ஷெல்லிலை உடைஞ்சதெண்டு சொல்லாதையுங்கோ. போனது கூரை மட்டும். பீடம் அப்பிடியே நிக்குது.

ஓம், பீடத்தைப் பற்றியும் எழுதினனான். முன்பக்கம்தான் தங்கம், அண்ணை. பின்னாலை வெறும் பலகை, ஒட்டறை, வௌவால் எச்சம். நற்கருணையை உச்சியிலை வைக்கச் சாமியார் ஏறுற ஒடுக்கமான படி ஒண்டு. அதுக்கு ஒரு சின்னக் கதவு. முன்னாலை நிக்கிற ஆருக்கும் தெரியாது. பார்த்தீங்களே, உங்களுக்கும் தெரியேல்லை.

இனிச் சொல்லுறது மலருக்கில்லை. இரண்டாயிரத்து ஒன்பது மாசி. ஊர்ச்சனம் எல்லாம் கோயிலுக்குள்ளை. சண்டைக்குப் பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போக வந்தவை வாசல்லை நிக்கினம். எங்கடை ஊர் ஆள் ஒருத்தர் உள்ளுக்கு வந்து, பின்னாலை ஆரும் ஒளிச்சிருக்கினமோ எண்டு பலகை பலகையாத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு போறார். பீடம் தடிச்ச பாலைப் பலகை. நான் பின்னாலை நிக்கிறன் எண்டு அது காட்டிக்குடுக்கேல்லை. பிரசங்க மேடை மெல்லிசு. அதுக்குக் கீழை என்ரை தங்கச்சி. பிறகு அவள் வரேல்லை.

என்ன, கதையை மாத்திறீங்கள்? பிள்ளையின்ரை பேரோ? தர்மிளா. தங்கச்சியின்ரை பேர்தான். அண்டைக்கு இழுத்துக்கொண்டு போகேக்கை நீங்கள் பேர் கேக்கேல்லை.

சத்தம் போடாதையுங்கோ. பிள்ளை எழும்பிடுவாள். உங்கடை சென்ற் மணம் வேறை குமட்டுது. இடுக்குக்குள்ளையிருந்து காலை எடுங்கோ.

அந்தப் பீடத்துப் பின்கதவின்ரை தாழ்ப்பாள் கறள் பிடிச்சு எப்பவோ விழுந்திட்டுது, அண்ணை. முழு நேரமும் கையாலைதான் இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இஞ்சை தாழ்ப்பாள் இருக்கு.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டிட்டன். இனி விடிய விடியத் தட்டுங்கோ.