வண்டிக்காரன் பாட்டு

அரபு நாட்டில், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து கட்டட சைட்டுக்குப் போகும் கம்பெனி பஸ். ஏசி ஓடவில்லை, கேட்க நாதியில்லை. எனக்கு முன் சீட்டில் எங்கள் கேம்ப் பாடகர். புருஷன் சீமைக்குப் போனதும் பெண்டாட்டி வண்டிக்காரனோடு ஓடிப்போகிற நாட்டுப்பாட்டு ஒன்றுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

"இனி அதைப் பாடுனா என் பொண்டாட்டி கதவைத் திறக்க மாட்டாளாம்" என்றார்.

பக்கத்து சீட்டுக்காரன் சிரித்தான். "அவங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அவளுக்குக் கேசட்டுல பேசி அனுப்புனேன். மறுபக்கம் சும்மாதானே கெடக்குன்னு பாட்டையும் பாடி வச்சேன். என் தம்பி அதை டீக்கடையில போட்டுட்டான். எந்த வண்டிக்காரன்னு ஊரே அவகிட்ட கேக்குது."

"லீவு எப்பண்ணே?"

"அடுத்த மாசம்."

"அப்ப கதையை மாத்திருங்க."

அவர் யோசித்தார், தொண்டையைச் செருமினார், பாடினார். கடைசியில் அவள் ஓடவில்லை. வண்டிக்காரனை விளக்குமாற்றால் அடித்து விரட்டினாள்.

பஸ்ஸே கத்தியது. "யோவ், அவளை ஓட விடுய்யா!"

அவர் எழுந்து திரும்பினார். "ஓட விட்டா, லீவுக்கு நான் எவன் வீட்டுக்குடா போறது?"