எல்கடுவ பஸ்ஸில் ஒரு சாவுப் பேச்சு

மாத்தளையிலிருந்து எல்கடுவ போகும் பிற்பகல் பஸ். என் முன் சீட்டில் மூட்டையை மடியில் வைத்திருந்த பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"நாளைக்கு நான் சாகுறேன் செல்வி. நீ நட."

நான் போனை மூடிவிட்டுக் காதைத் திறந்துகொண்டேன்.

"அதெப்படிக்கா? நாடக மாஸ்டர் என்னையத்தானே சாகச் சொன்னாரு."

"ரெண்டு நாளா நீயேதான் சாகுற. நாங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு மன்னார்லருந்து மாத்தளைக்கு நடக்குறோம்."

அப்போதுதான் விளங்கியது. டவுனில் கண்காட்சி நடக்கிறது. மலைத் தோட்டங்களில் வேலைக்கென்று இந்தியாவிலிருந்து முதன்முதலில் வந்த ஆட்கள் மன்னாரில் கரையிறங்கி, வழியில் காய்ச்சலில் செத்தவர்கள் போக மிச்சப்பேர் காடு வழியே நடந்துவந்த கதையை மண்டபச் சுவர் நீளத்துக்கு வரைந்து, அதன் முன்னால் தோட்டத்து ஆட்களையே நடிக்க விட்டிருக்கிறார்கள்.

"மன்னாரா? அந்தச் செவுரு அறுபது அடிதான்க்கா."

"ஒரு நாளைக்கு எட்டுத் தடவ நடந்து பாரு, தெரியும். நீ காட்டுப் படம் வந்ததும் காய்ச்சல்னு படுத்துர்ற. மேல ஃபேன் வேற."

"சும்மாவா படுக்குறேன்? மூச்சுக் காட்டாமப் படுக்கணும்."

"நேத்து கொறட்டை விட்ட. நான்தான் ஒப்பாரி வச்சு அமுக்குனேன்."

"ஐயோ! சனம் அழுதுச்சேக்கா?"

"சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துச்சு."

உக்குவளை தாண்டி ஒரு ஏற்றத்தில் பஸ் இருமிக்கொண்டே நின்றுவிட்டது. "இதுக்கு மேல ஏறாது, எல்லாரும் எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

இறங்கினோம். அக்காக்காரி மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் மூட்டையைத் தூக்கிச் செல்வியின் தலையில் வைத்தாள்.

"எங்க, இப்ப சாகு பாப்போம்."