மீதிப் பேச்சு

மைக்காரர்: …அதான் சொல்றேன், தலைவரே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. இத்தனை வருஷமா இந்த மன்றத்துக்கு மைக் போடறேன், அவர் கண்ணாடியைக் கழட்டி நான் பார்த்ததே இல்ல.

மொழிக்காரி: தூசி விழுந்திருக்கும் அண்ணே.

மைக்காரர்: ஆமா, தூசி. இன்னிக்குன்னு பார்த்து எல்லார் கண்ணுலயும் ஒரே தூசி… அந்த வயரை மிதிக்காதம்மா.

மொழிக்காரி: இப்படிக் கொடுங்க, நான் சுத்தறேன்.

மைக்காரர்: நீ உட்காரு. காலையிலேருந்து ரெண்டு பாஷையையும் போட்டு மென்னுட்டு இருக்க. தொண்டை கட்டிப்போச்சு பாரு… நல்லாப் பேசின.

மொழிக்காரி: நான் எங்கே பேசினேன்? போன்ல அந்த அம்மா நம்ம பாஷையில பேசினாங்க. நான் அதை மன்றத்து பாஷையில சொன்னேன். அவ்வளவுதான்.

மைக்காரர்: 'என் வீட்டு நிலைமை இது, நான் எப்படி வருவேன்'னு நீ சொல்லும்போது, உன் கதையையே நீ சொல்ற மாதிரி இருந்துச்சு.

மொழிக்காரி: எங்க வேலையே அதுதானே. 'அந்த அம்மா சொல்றாங்க'ன்னு நடுவுல நுழையக் கூடாது. அவங்க 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்லணும். என்னமோ புதுசா கேக்கற மாதிரி கேக்கறீங்க.

மைக்காரர்: தெரியும்… தெரியும். சும்மா கேட்டேன். எப்படியோ, இனிமே போன்ல பேசக் கூடாது, பேசணும்னா நேர்ல வரணும்னு கொண்டுவந்த தீர்மானம் கவுந்துடுச்சு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அந்த அம்மா பேச்சுதான் ஆளைத் திருப்பிச்சு.

மொழிக்காரி: அதுல உங்களுக்கு என்ன வருத்தம்?

மைக்காரர்: எனக்கென்ன வருத்தம்? போன் லைன் போனா என் வேலையில பாதி போயிடும். சந்தோஷம்தான்… ஆமா, நீயும் வீட்டுலேருந்தே மொழிபெயர்க்கறேன்னு அலுவலகத்துல கேட்டியே, என்னாச்சு?

மொழிக்காரி: முடியாதுன்னுட்டாங்க. பேசறவங்க வீட்டுலேருந்து பேசலாமாம். மொழிபெயர்க்கறவ மட்டும் மன்றத்துக்கு வந்தே ஆகணுமாம்.

மைக்காரர்: அப்படி வீட்டுல என்ன வேலை உனக்கு?

மொழிக்காரி: ஒண்ணுமில்ல… ரெண்டு பஸ் மாறணும். அலைச்சல்.

மைக்காரர்: ம்… சரி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத.

மொழிக்காரி: கோச்சுக்கற மாதிரிதான் கேக்கப் போறீங்க. கேளுங்க.

மைக்காரர்: அந்தத் தாழ்ப்பாள் எங்கேருந்து வந்துச்சு?

மொழிக்காரி: எந்தத் தாழ்ப்பாள்?

மைக்காரர்: 'வெளியே தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் நான் வீட்டை விட்டுக் கிளம்பறேன். உள்ளேருந்து தட்டற சத்தம் தெருமுனை வரைக்கும் கூடவே வருது'ன்னு சொன்னியே. மன்றமே கப்சிப்னு ஆச்சே. அந்தத் தாழ்ப்பாள்.

மொழிக்காரி: அது… அவங்க சொன்னாங்க.

மைக்காரர்: அந்த அம்மா குரல் உன் காதுல மட்டுமா விழுது? என் காதுலயும் ஒரு ஹெட்போன் இருக்கும்மா. பாட்டு கேக்கறதுக்கா மாட்டியிருக்கேன்? 'என் பையனைத் தனியா விட்டுட்டு…' அதோட லைன் போயிடுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்ல. நீ மட்டும் பேசிட்டே இருந்த.

மொழிக்காரி: அந்த வயரை இப்படிக் கொடுங்க, நான் சுத்தறேன்.

மைக்காரர்: நான் ஒண்ணும் போலீஸ் இல்ல. சொல்லு.

மொழிக்காரி: கையைத் தூக்கி லைன் போச்சுன்னு சொல்லத்தான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து முன்வரிசை உறுப்பினர், 'இதோ திணறுது பாரு, இதுக்குத்தான் இந்த போனே வேண்டாங்கறேன்'னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சிரிச்சாரு. நான் வாயைத் திறந்திருந்தா அங்கேயே கதை முடிஞ்சிருக்கும். பாதி வாக்கியத்துல நிக்கறேன் அண்ணே, எல்லாரும் என் முகத்தையே பார்க்கறாங்க. மீதியை வாய் தானா சொல்லிடுச்சு.

மைக்காரர்: ஒரு வாக்கியத்தை முடிக்க அவ்வளவு நேரமா?

மொழிக்காரி: ஆரம்பிச்சதும் நிறுத்த வரலை… மேல சொல்லப் போறீங்களா?

மைக்காரர்: நான் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. நேரலையில உன் குரல் மட்டும்தான் போச்சு, நாளைக்கு வெளியே போற பதிவுல அவங்க குரலும் இருக்கும். ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒருத்தர் கேட்டாப் போதும்… இரு, அடிக்குது. கூட்டத்து லைனை நான் இன்னும் பிடுங்கவே இல்லையா? …வணக்கம், மன்றம்.

போன் அம்மா: ஐயா, நான்தான் காலையில பேசினவ. தையல் வேலை பார்க்கறவ. போன் கையிலேருந்து நழுவி, மூடி ஒரு பக்கம் பேட்டரி ஒரு பக்கம் ஆயிடுச்சு…

மைக்காரர்: ஆமாம்மா, கட்டாச்சு. ஸ்பீக்கர்ல போடறேன், பேசுங்க. மொழிபெயர்த்தவங்களும் பக்கத்துலதான் இருக்காங்க.

போன் அம்மா: அவங்ககிட்டதான் கேக்கணும். எங்க பக்கத்து வீட்டம்மா கூட்டத்தை நேரலையில பார்த்தாங்களாம். அவங்களுக்கு மன்றத்து பாஷை தெரியும். ஓடி வந்து கதவைத் தட்டறாங்க… நான் என் பையனை வெச்சுப் பூட்டறேனாமே? அப்படியா சொன்னீங்க தங்கச்சி?

மொழிக்காரி: அம்மா…

போன் அம்மா: அவனுக்கு நடக்க முடியாது, அவ்வளவுதான். சக்கர நாற்காலியில உட்கார்ந்து எனக்கே கணக்கு சொல்லிக் கொடுப்பான். ஒரு நாள் அவனை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்தினது கிடையாது. இந்தப் பக்கத்து வீட்டம்மா என்னை ஒதுக்கிட்டு, கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் இருக்கான்னு தடவிப் பார்க்கறாங்க. அவன் பார்த்துட்டே இருக்கான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

மைக்காரர்: லைன்ல ஏதோ குழப்பம்மா. மெஷின் சில நேரம்…

போன் அம்மா: மெஷின் தாழ்ப்பாள் போடுமா ஐயா?

மொழிக்காரி: அண்ணே, விடுங்க. …அம்மா, கட்டாகறதுக்கு முன்னாடி நீங்க என்ன சொல்ல வந்தீங்க? 'என் பையனைத் தனியா விட்டுட்டு'ன்னு…

போன் அம்மா: 'தனியா விட்டுட்டு வரமாட்டேன், அவனையும் கூட்டிட்டு வரேன், மன்றத்து வாசப்படியில நாற்காலி ஏறற மாதிரி ஒரு சரிவு போட்டுக் கொடுங்க'ன்னு சொல்ல வந்தேன்.

மொழிக்காரி: வரேன்னா… நேர்லயா?

போன் அம்மா: நேர்லதான். போன் இருக்கட்டும், முடியாதவங்களுக்கு ஆகும். எனக்கு அது பத்தல. நான் பேசறது உங்களுக்கு வந்துடுது. அதுக்கு அவங்க சொல்ற பதிலை எனக்கு யாரு சொல்றாங்க? 'நன்றி'ன்னு ஒரு குரல் வரும், டக்குனு வெச்சிடுவாங்க. அங்கே சிரிக்கறாங்களா, திட்டறாங்களா, ஒண்ணும் தெரியாது… நீங்க என்னன்னு சொன்னீங்க?

மொழிக்காரி: 'என்னால என்னிக்குமே வர முடியாது, இருக்கறபடியே விட்டுடுங்க'ன்னு சொன்னேன்.

போன் அம்மா: அப்ப சரிவு?

மொழிக்காரி: யாரும் பேசலம்மா. இருக்கறபடியே இருக்கட்டும்னு ஓட்டுப் போட்டுட்டாங்க.

போன் அம்மா: நல்லா இருக்கு. நான் கேக்க வந்ததை, என் வாயாலயே வேண்டாம்னு சொல்லியாச்சு.

மைக்காரர்: ஏம்மா… எங்கே எழுந்திரிக்கற?

மொழிக்காரி: தலைவரும் மத்தவங்களும் பக்கத்து ரூம்லதான் டீ குடிச்சிட்டு இருக்காங்க. கிளம்பறதுக்குள்ள கூப்பிடுங்க அண்ணே. மைக்கைப் போடுங்க.

மைக்காரர்: யோசிச்சுக்கோ. வேலை போயிடும். தீர்மானத்தை மறுபடி ஓட்டுக்கு விடுவாங்க. அந்த ஒரு ஓட்டு எந்தப் பக்கம் சாயுமோ… லைனே போனாலும் போகும்.

மொழிக்காரி: பயமாத்தான் இருக்கு. அதுக்காக அவங்க வாசல்ல ஒருத்தி நின்னு கதவைத் தடவட்டும்னு விட முடியுமா? அது என்னால வந்தது.

மைக்காரர்: உன்னால மட்டும் இல்ல. லைன் போனா மேஜை மேல இருக்கற பச்சை விளக்கை அணைக்கணும். அது என் வேலை. கை சுவிட்ச் வரைக்கும் போச்சு… நீ பேசறதைக் கேட்டுட்டே அப்படியே உட்கார்ந்துட்டேன். விளக்கு எரிஞ்சதாலதான் எல்லாரும் நம்பினாங்க. அதையும் சேர்த்துச் சொல்லு.

மொழிக்காரி: அதை எதுக்கு அண்ணே இப்ப…

மைக்காரர்: எனக்கும் மனசாட்சி இருக்குல்ல. நகரு. …தலைவர் ஐயா, உறுப்பினர்கள் எல்லாரும் தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் உள்ளே வரணும். காலையில பேசின அம்மா மறுபடி லைன்ல வந்திருக்காங்க. அவங்க பேச்சு இன்னும் முடியலை.

போன் அம்மா: என்ன நடக்குது அங்கே?

மொழிக்காரி: ஒவ்வொருத்தரா வந்து உட்கார்றாங்கம்மா. முன்வரிசைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கறாரு. நீங்க மீதியைப் பேசுங்க, ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். அவங்க சொல்ற பதிலையும் உங்களுக்கு அப்படியே சொல்றேன். சிரிச்சா, சிரிக்கறாங்கன்னு சொல்றேன்.

போன் அம்மா: பேசறேன். அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டம்மா காதுல விழற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, இங்கேதான் நிக்கறாங்க. பூட்டினது நான் இல்லன்னா, யாரு? யாரை?

மொழிக்காரி: நான்தாம்மா. எங்க அப்பாவை. அவருக்கு எதுவும் ஞாபகம் இல்ல, கதவு திறந்திருந்தா ரோட்டுல இறங்கி நடந்துடுவாரு… இப்பவும் உள்ளேருந்து தட்டிட்டுத்தான் இருப்பாரு.