மட்லிக் அணை: ஆபத்து குறைவு

நவம்பர் மாதம். சாயங்காலம் ஐந்தரை மணிதான். ஆனால் மலைக்கு நடுவில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும், உங்களுக்குத் தெரியும். மட்லிக் ஓடையை ஒட்டிய ஜல்லிச் சாலை. முன்னேயும் வண்டி இல்லை, பின்னேயும் இல்லை. மழை... பெரிய மழை இல்லை. விடாத மழை.

அந்தச் சாலையில் தனியாக வந்தவள் ரோவீனா கிட்வெல். நம் டேல் இருக்கிறானே, அவன் மனைவிக்குச் சொந்த அக்கா. கதை விடுகிற ஆள் இல்லை. அணைகளைச் சோதித்துப் பார்க்கிற அரசு வேலை. பெரிய அணைகள் அல்ல. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், மீன் பிடிக்க வேண்டும் என்று அவரவர் நிலத்தில் மண்ணைக் கொட்டிக் கட்டிவைத்திருக்கும் சின்ன அணைகள். இந்தப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் அப்படி ஓர் அணையின் மேல்தான் விழ வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் அவள் இரண்டு மதிப்பீடு தர வேண்டும். அணை என்ன நிலையில் இருக்கிறது என்பது ஒன்று. உடைந்தால் கீழே யாராவது சாவார்களா என்பது இன்னொன்று.

அங்கிருந்த ஆர்வில் ஸ்டாம்பரின் மட்லிக் அணைக்கு முதலாவது, 'மோசம்'. இரண்டாவது, 'ஆபத்து குறைவு'. கீழே புல்வெளியும் ஓடையும்தானே. ஆளில்லாத இடத்தில் உடைந்தால் அது சொந்தக்காரர் பாடு. சரிசெய் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

அன்றைக்கு ரோவீனா அந்த அணையின் கரை மேல் நடந்தாள். சரிவு முழுக்க மரம். வேர்கள் கரையின் வயிறு வரைக்கும் போயிருக்கும். அங்கங்கே நீரெலி வளைகள். டார்ச்சை அடித்தபடி அடிவாரத்துக்கு இறங்கினாள். ஓரிடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கசியாத மண் அணை கிடையாது. தெளிவாக வந்தால் பயமில்லை. இது... பால் விட்ட காபியின் நிறம். கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். கீழே, புல்வெளியில், ஒரு வெளிச்சம்.

ஒரு ட்ரெய்லர் வீடு, வண்டியில் இழுத்துவந்து நிறுத்துகிற வகை. ஜன்னலில் மஞ்சள் விளக்கு. போன வருஷம் இல்லையே? அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கீழே ஆள் இருந்தால் மதிப்பீடு மாறும். ஆர்வில் அணையைப் பழுதுபார்த்தே ஆக வேண்டும்.

கிட்டே போனாள். பன்றிக்கறி வறுக்கும் வாசனை. அதற்கு அடியில் வேறொரு வாசனை... குளம் வற்றும்போது வருமே, அடிச்சேற்று நாற்றம். படிக்கட்டில் சாய்ந்திருந்தது, ரோஜா நிறச் சின்ன சைக்கிள்.

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது.

"மழைல நனையாதீங்க. உள்ள வாங்க."

இளம்பெண். சிவப்பு முடி. இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. அவளுக்குப் பின்னால், தரையில், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் குழந்தை.

ரோவீனா வாசலைத் தாண்டவில்லை. அந்தப் பெண்ணின் கைநுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டொப்... டொப்... உள்ளே சுவரில், தோள் உயரத்தில், தண்ணீர் நின்று வடிந்த ஒரு பழுப்புக் கோடு. அறையைச் சுற்றி நேராக ஓடியது.

"இங்க... எத்தன நாளா இருக்கீங்க?"

அந்தப் பெண் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"நாங்க இன்னும் வரலியே," என்றாள்.

ரோவீனா எப்படிக் காருக்கு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நேராக மேட்டிலிருந்த ஆர்வில் வீட்டுக்கு ஓட்டினாள். கிழவர் கதவைத் திறந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அரசாங்கத்துப் பொண்ணு நனைஞ்ச கோழியாட்டம் நிக்குது. என்னம்மா, என் அணைய இன்னும் நாலு திட்டு திட்டணுமா?"

"கீழ யாரு குடியிருக்கா?"

"கீழயா? பாம்பு இருக்கு. நீ என்ன குடிச்ச? எனக்கும் கொஞ்சம் ஊத்து."

இரண்டு பேரும் விளக்கோடு போய்ப் பார்த்தார்கள். புல். இடுப்பளவு புல். ஒரு புல்கூட மடங்கியிருக்கவில்லை. ஆர்வில் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் கிண்டல் செய்யவில்லை.

அந்த வருஷமும் 'ஆபத்து குறைவு' என்றுதான் அவள் எழுதினாள். வேறு என்ன எழுதுவது?

மறு வருஷம் ஆர்வில் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனது. வைத்தியத்துக்காகக் கீழ் நிலத்தை விற்றார். ஆகஸ்ட் மாதம் ரோவீனா அந்தப் பக்கம் போனபோது... ட்ரெய்லர் வீடு நின்றது. நல்ல வெயில். படிக்கட்டில் ரோஜா நிறச் சைக்கிள்.

கதவு திறந்தது. சிவப்பு முடி. புருவத்தில் தழும்பு.

"வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

பெயர் லீட்டா. கணவன் ப்ரெண்ட், மர அறுவை மில்லில் வேலை. மகள் ஜோனிக்கு நாலு வயது. சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. போன வாரம்தான் தானே வண்ணம் பூசியதாக லீட்டா பெருமையாகச் சொன்னாள்.

"இந்த அணை நிக்காது. இங்கேருந்து போயிடுங்க," என்றாள் ரோவீனா.

"எப்ப உடையும்?"

"அது... தெரியாது."

லீட்டாவுக்குக் கோபமில்லை. "அக்கா, கல்யாணம் ஆனதுலேருந்து மாமியார் வீட்டு சோபாவுல படுத்துக் கெடந்தோம். ஜோனிக்கு இப்பதான் சொந்தமா ஒரு கட்டில். எங்க போகச் சொல்றீங்க?"

பார்த்ததை ரோவீனா சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? 'நீ செத்துப்போய் எனக்குக் கதவைத் திறந்தாய்' என்றா?

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. அலுவலகத்தில் சண்டை போட்டு மதிப்பீட்டை மாற்ற வைத்தாள். 'ஆபத்து மிக அதிகம்.' அணையின் தண்ணீரை வடித்துவிடச் சொல்லி ஆர்விலுக்கு உத்தரவு போனது. காகிதத்தில் எழுத்து மாறியது. கரைக்கு அது தெரியவா போகிறது?

ஆர்விலும் ஏமாற்றவில்லை. மனைவியை அடக்கம் செய்த கையோடு வால்வைத் திறக்கப் போனார். அவர் அப்பா காலத்து வால்வு. சக்கரம் கையோடு முறிந்து வந்தது.

"நான் வேணும்னேவா பண்றேன்? நீயே சொல்லு. கைல வந்துருச்சும்மா." சக்கரத்தைப் பிடித்தபடி அவளிடம் அழுதார்.

வாடகைக்குப் பம்பு கொண்டுவந்து இறைத்தார். அது இறைத்ததைவிட வேகமாக மழை நிரப்பியது.

மறுபடி நவம்பர். நாள்கணக்கில் மழை. ஒரு சாயங்காலம் ரோவீனா லீட்டாவுக்குப் போன் செய்தாள்.

"வண்டிய ப்ரெண்ட் எடுத்துட்டுப் போயிருக்கான் அக்கா. வந்ததும் கெளம்பிடறோம்."

"வேணாம். நானே வரேன். போன வைக்காத."

அதே ஜல்லிச் சாலை. ஓடைப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காரை விட்டு இறங்கினாள். அக்கரையில், தூரத்தில், மஞ்சள் விளக்கு தெரிந்தது. நடந்து தாண்டப் பார்த்தாள். முழங்காலுக்கு வந்த தண்ணீர் அவளைக் கீழே தள்ளியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் சாலை மேட்டுக்குத் திரும்ப ஏறிப் போனைக் காதில் வைத்தாள்.

"லீட்டா, புள்ளயத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு. இப்பவே."

"அக்கா... தரையெல்லாம் ஈரமாயிருக்கு. ஜோனி, எந்திரிடா..."

மேலே ஒரு சத்தம். இடி மாதிரி இல்லை. நீளமான துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது மாதிரி. அப்புறம் அந்த அடிச்சேற்று நாற்றம்... பள்ளத்தாக்கு முழுக்க. விளக்கு அணைந்தது. போனில் தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அவ்வளவுதான்.

ட்ரெய்லர் மரங்களுக்கிடையில் சிக்கியிருந்தது. லீட்டா கிடைத்தாள். குழந்தை அவள் கைக்குள்ளேயே இருந்தது. ப்ரெண்ட் இன்னும் மில்லுக்குப் போகிறான், யாரோடும் பேசுவதில்லை. ஆர்வில் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ரோவீனா வேலையை விட்டுவிட்டாள்.

பல வருஷம் கழித்து ஆர்விலின் மருமகன் அணையைத் திரும்பக் கட்டினான். இந்த முறை நல்ல அணை. புது வால்வு, மரமில்லாத சரிவு. கீழே யாரும் இல்லை. அதனால்... 'ஆபத்து குறைவு'.

போன இலையுதிர் காலத்தில் ரோவீனாவுக்கு ஒரு போன் வந்தது. அவள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் கெண்ட்ரிக் என்கிற பையன். பின்னால் மழைச் சத்தம்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்கதான முன்னாடி மட்லிக் அணையப் பாத்தது? கரை மேலதான் நிக்கிறேன். கீழ ஆளே இல்லன்னு சொன்னாங்க. இங்க ஒரு தெருவே இருக்கு! ரெண்டு பக்கமும் வீடு, தெருவிளக்கு..."

ரோவீனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பள்ளிக்கூட பஸ் நிக்கிற எடம்கூட இருக்கு. பாவம், பிள்ளைங்க குடையில்லாம வரிசையா நிக்குதுங்க." குரலைத் தாழ்த்தினான். "எல்லாம் ஏன் என்னயே பாக்குதுங்க?"

"எத்தன பேரு?" என்று கேட்டாள் ரோவீனா.

"இருங்க மேடம்... ஒண்ணு, ரெண்டு, மூணு..."

ரோவீனா போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் வைத்த காபி பொங்கி வழிந்து, தீய்ந்து, நாறியது.

அவன் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தான்.