மூன்றாம் நாள் குடுவை

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் விஞ்ஞானிகளே, முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அம்மையாரின் தம்பி அவர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் என் லேப் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் விஞ்ஞானி இல்லை. முப்பது வருடமாக இங்கே லேப் டெக்னீஷியன். மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. வைரஸ் இருக்கும் குடுவையைப் பிடிப்பதுகூட எனக்கு இதைவிடச் சுலபம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் முனைவர் அம்மையாரை மலை என்றார்கள், கடல் என்றார்கள். ஒருவர் சிங்கம் என்றார். நல்லது. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சிங்கத்தின் அறை எங்கே இருக்கிறது என்று இந்த மேடையில் எத்தனை பேருக்குத் தெரியும்? தரைத்தளத்தில், ஃப்ரீசர் அறையை ஒட்டி, ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை வரும் அறை அது. பதினொரு வருடம் அங்கேதான் இருந்தார். பதினொரு வருடமும் மத்தியானச் சாப்பாட்டை அங்கேதான் தனியாகச் சாப்பிட்டார். எதிரில் இன்னொரு நாற்காலி உண்டு. அதில் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன.

இளைஞர்கள் அவருக்கு 'மைனஸ் எண்பது' என்று பெயர் வைத்திருந்தீர்கள். எங்கள் ஃப்ரீசரின் குளிர் அது. அவருக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? மனசு கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் என்னைப் பார்த்து, "டெக்னீஷியன் சார், இன்னைக்கு மைனஸ் எழுபத்தஞ்சுதான், தைரியமா உள்ள வாங்க" என்பார்.

எங்கேயாவது பேர் தெரியாத காய்ச்சல் கிளம்பும். ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். எதிர்த்திசையில் ஒரு ஜீப் உள்ளே போகும். அதில் அவர் இருப்பார்! வௌவால் குகைக்குள் இறங்கியிருக்கிறார், ஆட்டுப்பட்டியில் நாள் முழுக்க நின்றிருக்கிறார். ஒரு கிராமத்தில் ஒரு தாய் எங்கள் பாதுகாப்பு உடையைப் பார்த்து மிரண்டுபோய், பிள்ளையின் ரத்தத்தை எடுக்க விடமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டாள். அம்மையார் இருபதடி தள்ளிப் போய் அவள் ஜன்னலுக்கு நேரே வெட்டவெளியில் நின்று முகக்கவசத்தைத் தூக்கிக் காட்டினார். "பாரும்மா, நானும் உன்னை மாதிரி மனுஷிதான். எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். கதவு திறந்தது.

அப்படிப் போய்வந்தால் இருபத்தோரு நாள் யாரையும் பார்க்கக் கூடாது. காலையும் மாலையும் உடல் சூட்டைப் பார்த்து ஃபோனில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். மற்ற விஞ்ஞானிகள் மனைவியிடம், கணவனிடம் சொல்வார்கள். அவர் என்னிடம் சொன்னார். இரண்டு ஃபோன்தான் கணக்கு. பத்து நாள் போனால் மூன்றாவதாக ஒன்று வரும். "சூடு அதேதான். சும்மா கூப்பிட்டேன்" என்பார். என் வீட்டில் யாராவது வந்திருப்பார்கள். "அப்புறம் பேசறேன் மேடம்" என்று வைத்துவிடுவேன். அந்த அப்புறம் ஒரு நாளும் வந்ததில்லை.

போன திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவர் வரவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவை. பத்து மணிக்கு நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். இதயம் சனிக்கிழமையே நின்றுபோயிருந்தது. இரண்டு நாள் யாருக்குமே தெரியாமல் இருந்திருக்கிறார். எத்தனை ஊரைக் காப்பாற்றிய மனுஷி! ஏன் ஃபோன் எடுக்கவில்லை என்று தேட ஒரு ஆள் இல்லையே!

இன்று காலை அவர் அறையைக் காலி செய்யத் தம்பி வந்தார். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அண்ணே, ஒண்ணு கேக்கணும். அக்கா நிஜமாவே அந்த பிளாஸ்க்கை தூக்கிப் போட்டாளா? அவ அவ்ளோ அலட்சியமான ஆளா?" என்று கேட்டார். கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

தம்பி அவர்களே, இப்போது சொல்கிறேன். எல்லோரும் கேளுங்கள்.

பதினொரு வருடம் முன்னால், மாட்டுச் சந்தையில் வேலை பார்த்த ஒரு வாலிபர் மூன்றே நாள் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய ரத்தம் கொஞ்சூண்டு எங்களிடம் வந்தது. மொத்தத்தையும் பிளாஸ்க் என்று நாங்கள் சொல்லும் ஒரு குடுவையில் வளரும் செல்களில் விட்டோம். நல்ல செல்கள் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வைரஸ் புகுந்தால் உருண்டு, கழன்று, செத்து மிதக்கும். செல்கள் சாவதைப் பார்ப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

மூன்றாம் நாள் காலையில் நான் முதலில் பார்த்தேன். செல்கள் செத்து மிதந்தன. துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா நான்? ஆனால் நான் குதிக்கவில்லை. ஏன் தெரியுமா? குடுவைகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குப் போகும் வாயு சிலிண்டர் தீர்ந்து கிடந்தது. அதை மாற்றுவது என் பொறுப்பு. முந்தின நாளே மாற்றியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். வாயு இல்லாததால்தான் செல்கள் செத்தன, நம் தப்பு வெளியே தெரியப்போகிறது என்று பயந்தேன். யாரும் வருவதற்குள் குடுவையை எடுத்து, கிருமிகளைக் கொல்லும் நீராவிப் பெட்டியில் போட்டுவிட்டேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றால், ரத்தம் ஒரு துளி மிச்சமில்லை.

அப்போது எங்கள் பிரிவுத் தலைவராக இருந்த அம்மையார் வந்தார். கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "பக்கத்துல ரத்தம் விடாம செல் மட்டும் வளர்ற பிளாஸ்க் இருந்ததே, அதைப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. இருவரும் சேர்ந்து பார்த்தோம். அதே இன்குபேட்டர், அதே தீர்ந்த சிலிண்டர். அந்தச் செல்கள் ஒட்டிக்கொண்டு நன்றாக உயிரோடு இருந்தன. அப்படியென்றால் நம் குடுவையைக் கொன்றது வாயு இல்லை. வைரஸ்! அதுவரை உலகில் யாரும் பார்க்காத வைரஸ். நாங்கள் தேடியது கைக்கு வந்தது, அதை நான் வேகவைத்துக் கொன்றுவிட்டேன்.

விசாரணை வந்தது. அதற்கு முந்தின நாள் அம்மையார் என்னைக் கூப்பிட்டார். "நீங்க வாயைத் திறக்கக் கூடாது. நான்தான் போட்டேன்னு சொல்லப்போறேன்" என்றார். "ஐயோ, வேணாம் மேடம்" என்றேன். "உங்களை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க. ரெண்டு பசங்க படிக்குது. என்னை இந்த ரூமை விட்டுத்தான் அனுப்புவாங்க. ஏன் இப்படி செஞ்சேன்னு என்னை கேக்க யாரு இருக்கா?" என்றார்.

கேட்க ஒருவர் இருந்தார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். அப்போதே கேட்டிருக்கிறார். தம்பியிடமும் "ஆமா, நான்தான்" என்றே சொல்லியிருக்கிறார் அம்மையார். அதோடு பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது. தம்பி அவர்களே, உங்கள் அக்காவை உங்களிடமிருந்து பிரித்தவன் நான்.

ஏழு மாதம் கழித்து அந்தக் காய்ச்சல் திரும்ப வந்தது. பதினான்கு பேர் இறந்தார்கள். அம்மையார்தான் போனார், அவர்தான் வைரஸைப் பிடித்தார். நான்கு மணி நேரத்தில் முடிவு சொல்லும் பரிசோதனையை அந்த ஃப்ரீசர் பக்கத்து அறையில் உட்கார்ந்து உருவாக்கியவரும் அவரே! ஆனால் நான் அந்தக் குடுவையை எறியாமல் இருந்திருந்தால், அந்தப் பரிசோதனை ஏழு மாதம் முன்னாலேயே வந்திருக்காதா? பதினான்கு பேரில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? ஒரே ஒரு தடவை அவரிடம் கேட்டேன். "தெரியல. எனக்கும் அந்தக் கேள்வி இருக்கு. ரெண்டு பேருமா வெச்சுக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து அதை நான் ஒருவனாக வைத்திருக்கிறேன். என்னால் முடியவில்லை ஐயா. இதை அவர் எப்படிச் சுமந்தார் என்று இப்போதுதான் புரிகிறது. எனக்காவது மாலையில் வீட்டுக்குப் போனால் காபி கொடுக்க ஆள் இருந்தது.

இயக்குநர் அவர்களே, நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். இறங்கியதும் உங்கள் கையில் தருகிறேன். விசாரணை அறிக்கையில் 'பிரிவுத் தலைவரின் அலட்சியம்' என்று இருக்கும் வரியை அடித்துவிட்டு என் பதவியை எழுதுங்கள். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். செய்யும்வரை நான் வேலைக்கு வருவேன். பக்கத்துக் குடுவையை இரண்டு பேர் பார்க்காமல் ஒரு குடுவையும் அந்த நீராவிப் பெட்டிக்குள் போகாது. லேப் தோழர்களே, நான் போன பிறகும் போகக் கூடாது. அதோடு இன்னொன்று. உங்களில் யார் கையாவது தப்புச் செய்தால், அன்றைக்கே, அந்த இடத்திலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அவர் வேலையைத் தொடர்வது என்றால் எனக்குத் தெரிந்து அதுதான்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக ஒரு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறது. பெரியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவருக்கு மௌனம் வேண்டாம். அதைப் பதினொரு வருடம் நான் செலுத்திவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, சத்தமாகச் சொல்லுங்கள்: "அந்தம்மா அதைத் தூக்கிப் போடல."